மீத்திறன் மாணாக்கரும் வகுப்பறையும்

(மணப்பாறையில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு உழவு மாடு வாங்க வருபவர் தோற்றத்தை மட்டும் கண்டு விலை பேசிவிடுவதில்லை. பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டு நடையைப் பார்ப்பார். இவற்றுக்கெல்லாம் மேலாக, வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் மாட்டோடு இது இணைந்து இழுக்குமா என்று எண்ணிப் பார்ப்பார். வலிய மாட்டையும் இளைத்த மாட்டையும் ஒரு நுகத்தில் பூட்டினால் ஏர் நேரே செல்லாது. இளைத்தது துன்புறும், வலியதோ நாளடைவில் தன் நடையை மறந்து இளைத்ததன் நடைக்கே பழகிவிடும். எழுத்தறியாத உழவரும் அறிந்த இவ்வுண்மை, கற்றோர் நடத்தும் வகுப்பறையில் எவ்வளவு மறக்கப்படுகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

ஓர் ஊரில் இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டுகள் தொய்வின்றி நடைபெறுவது எளிதான செயலன்று. அடுத்த பத்தாண்டுகளில் இவ்வரங்கில் பேசப் போகிறவர் யார், கேட்கப் போகிறவர் யார் என்னும் வினாவுக்கு விடை, இவ்வட்டாரப் பள்ளிகளின் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் உள்ளது. ஆதலின் இத்தகைய விழாவில் வகுப்பறையைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமுடையதே ஆகும்.

இருவகைப் பின்தங்கல்

மெல்லக் கற்கும் மாணாக்கரைப் பற்றிப் பேசாத ஆசிரியர் கூட்டம் இல்லை. அவ்வாறு பேசுவது கடமையும் ஆகும். ஆயின் விரைந்து கற்கும் பிள்ளையும் ஒருவகையில் பின்தங்கும் பிள்ளையே. அப்பிள்ளை வகுப்பைவிடப் பின்தங்குவதில்லை. தன் ஆற்றலைவிடப் பின்தங்குகிறது. முன்னதைத் தேர்வுத் தாள் காட்டிக் கொடுத்துவிடும். பின்னதை எந்தத் தேர்வுத் தாளும் காட்டுவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்னும் மதிப்பெண் அதனை மறைத்துவிடும்.

வையம்பட்டியிலிருந்தோ புத்தாநத்தத்திலிருந்தோ பேருந்தேறிப் பள்ளிக்கு வரும் ஒரு சிறுமியை எண்ணிக்கொள்வோம். பாடநூல் கையில் கிடைத்த முதல் வாரத்திலேயே அதன் கதைகளையும் செய்யுட்களையும் படித்து முடித்திருப்பாள். ஆசிரியர் பத்து மணித்துளியில் விளக்கியது அவளுக்குப் புரிந்துவிடும். எஞ்சிய நேரம் முழுவதும் மற்றவர்க்காக அதே செய்தி மீண்டும் மீண்டும் சொல்லப்படும். அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். ஒரு நாள் காத்திருப்பதால் கேடில்லை. பத்தாண்டுகள் காத்திருந்தால், கல்வி என்பதே காத்திருத்தல் என்று அவள் உள்ளம் கற்றுக்கொள்ளும். முயலாமலே முதல் மதிப்பெண் வருவதால் முயற்சி என்பது இன்னதென்றே அவள் அறியாள். பின்னர்க் கல்லூரியில் உண்மையாகவே அரியதொரு நூலை எதிர்கொள்ளும் நாளில், தனக்கு அறிவில்லை என்று அஞ்சி ஒதுங்கிவிடுவாள். பெண்ணாகப் பிறந்தவளாயின், படித்தது போதும் என்று வீட்டார் சொல்லும்போது அதனை மறுத்துரைக்கும் துணிவும் அவளிடம் இராது. அமைதியான பிள்ளை, ஒழுங்கான பிள்ளை என்னும் பாராட்டோடு ஒரு பேரறிவு யாரும் அறியாமல் மறைந்துபோகும்.

நன்னூலார் கண்ட மாணாக்கர்

இச்சிக்கலைத் தமிழர் முன்னரே எண்ணிப் பார்த்துள்ளனர். பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் உவமைகளால் பாகுபடுத்தினார். அன்னமும் ஆவும் போல்வார் தலைமாணாக்கர். பாலை மட்டும் பிரித்தெடுப்பது அன்னத்தின் தன்மை. வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்து அமர்ந்து அசைபோடுவது ஆவின் தன்மை. ஒரு செடியிலும் நிலைத்து மேயாமல் அங்குமிங்கும் நுனிமேய்ந்து திரியும் ஆடு கடைமாணாக்கர்க்கு உவமையாயிற்று.

இப்பாகுபாட்டைப் படிப்போர், மாணாக்கர்க்கு முத்திரை குத்தும் பட்டியலாகவே அதனைக் கொள்வது வழக்கம். ஆசிரியர் ஒருவர் வேறொரு வகையாகவும் இதனைப் படிக்கலாம். மேய்ச்சல் போதாத இடத்தில் கட்டிப்போட்ட ஆவும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடு போலவே அலையும். வகுப்பில் கவனமின்றிச் சாளரத்தை நோக்கியிருக்கும் சிறுவனும், இடையிடையே குறும்பு செய்யும் சிறுவனும் எல்லா வேளையிலும் கடைமாணாக்கராய் இருத்தல் வேண்டுவதில்லை. பசியடங்காத தலைமாணாக்கராகவும் இருக்கக்கூடும்.

அதே பாயிரம் மற்றொரு நுட்பத்தையும் கூறுகிறது. ஆசிரியர் சொல்லக் கேட்பதால் கல்வியில் காற்பங்கே நிரம்பும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு நிரம்பும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது அதன் கருத்து. இக்கணக்கின்படி பார்த்தால், ஆசிரியர் உரைப்பதும் மாணாக்கர் கேட்பதுமாக மட்டும் நிகழும் வகுப்பில் மிகச் சிறந்த மாணாக்கனும் காற்பங்கோடு நின்றுவிடுகிறான்.

அதவத்தூர் தந்த ஆசான்

இந்நெறியை வாழ்ந்து காட்டிய ஆசிரியர் ஒருவர் இம்மாவட்டத்திலேயே தோன்றினார். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அதவத்தூரில் 1815 இல் பிறந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் இளமையில் கற்ற வரலாறே ஒரு பாடமாகும். தண்டியலங்காரத்தை முறையாகக் கற்பிப்பவர் கிடைக்காத காலத்தில், அந்நூலை நன்கு அறிந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளித் தெருக்களில் இரந்துண்டு திரிவதை அறிந்தார். அவர் பின்னாலேயே நடந்து, அவர்க்கு வேண்டிய பணிவிடைகளைச் செய்து, அவர் மனம் இசைந்த வேளையில் பாடங்கேட்டு அந்நூலைத் தம்முடையதாக்கிக்கொண்டார். கற்கும் பசி இன்னதென்று தம் உடம்பால் உணர்ந்தவர் ஆதலின், பின்னாளில் தம்மிடம் வந்தவரின் பசியையும் அவரால் அளந்தறிய முடிந்தது.

அவரிடம் பயின்றோர் ஒரு வகையினர் அல்லர். பூவாளூர்த் தியாகராச செட்டியார், நாகூர்க் குலாம் காதிறு நாவலர், கிறித்தவரான சவேரிநாத பிள்ளை, திருவாவடுதுறை மடத்துத் தம்பிரான்கள் எனச் சமயத்தாலும் வயதாலும் பயிற்சியாலும் வேறுபட்ட பலர் அவர்முன் அமர்ந்து பாடங்கேட்டனர். அவர்களுள் 1871 இல், தம் பதினேழாம் வயதில், மாயூரத்தில் வந்து சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர்.

சாமிநாதையர் அங்கு வந்துசேர்ந்த வழியும் கருதத்தக்கது. அரியலூர், குன்னம், செங்கணம் முதலிய ஊர்களில் பலரிடம் அவர் முன்னரே தமிழ் கற்றிருந்தார். அவருக்கு யாப்பிலக்கணம் கற்பித்த செங்கணம் விருத்தாசல ரெட்டியார், இம்மாணாக்கர் தம்மிடமே தங்கிவிடல் வேண்டும் என்று எண்ணவில்லை. இவருடைய பசிக்குத் தக்கவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என்று மேலே வழிகாட்டினார். தம் எல்லையை அறிந்து, மாணாக்கனை அவ்வெல்லைக்கு அப்பால் அனுப்பிவைக்கும் ஆசிரியரும் மீத்திறன் மாணாக்கர்க்குக் கல்வி தந்தவரே ஆவார். இன்றைய ஊர்ப்புற ஆசிரியர் பலர்க்கும் இயலக்கூடிய பெரும்பணி இது.

தளிரும் பாடமும்

மாயூரத்தில் தொடக்க நாட்கள் சாமிநாதையருக்கு நிறைவளிக்கவில்லை. மூத்த மாணாக்கரான சவேரிநாத பிள்ளையிடம் பாடங்கேட்குமாறு ஆசிரியர் பணித்திருந்தார். பல மாணாக்கரை உடைய ஆசிரியர் எவரும் செய்யும் ஏற்பாடே அது. ஆயினும் ஆசிரியரிடமே நேரில் கேட்க வேண்டும் என்னும் வேட்கை சாமிநாதையர் உள்ளத்தில் தணியவில்லை.

அந்நாளில் பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் புதிதாக மரக்கன்றுகள் வைத்திருந்தார். காலைதோறும் அவற்றின் அருகே சென்று, எங்கே புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று ஆவலோடு பார்ப்பார். இதனைக் கவனித்த சாமிநாதையர் விடியலில் முன்னதாகவே எழுந்து, புதுத்தளிர்களைத் தேடிக் கண்டு வைத்துக்கொண்டு, ஆசிரியர் வரும்போது ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆசிரியர் உள்ளம் மகிழ்ந்தது, பேச்சு வளர்ந்தது, மாணாக்கரின் விருப்பம் வெளிப்பட்டது. அதன்பின் ஆசிரியரே நேரில் பாடஞ் சொல்லத் தொடங்கினார். தம் வரலாற்றை எழுதிய ஐயரவர்கள் இந்நிகழ்ச்சிக்குத் தளிர் ஆராய்ச்சி என்று பெயரிட்டார்.

படிப்போர் இதனைச் சுவையான நிகழ்ச்சியாகக் கருதிக் கடந்துவிடுவர். ஆசிரியர் இதில் காணவேண்டியது வேறொன்று. மீத்திறன் மாணாக்கனை உணர்ந்துகொள்ள ஆசிரியர்க்கும் மாணாக்கனுக்கும் இடையே பாடநேரத்துக்கு வெளியே சிறு பொழுதேனும் வேண்டும். மாணாக்கரின் உற்றுநோக்கும் திறனும் விடாமுயற்சியும் அங்குத் தோட்டத்தில்தான் ஆசிரியர்க்குப் புலப்பட்டன. வகுப்பு வரிசையில் அவை புலப்படவில்லை.

நேரில் தொடங்கிய பாடங்களில் திரிபந்தாதிகளும் இடம்பெற்றன. திரிபு என்பது அடிதோறும் முதலெழுத்து மட்டும் வேறுபட்டு, இரண்டாம் எழுத்து முதலாகப் பல எழுத்துகள் ஒன்றாகவே ஒலிக்கும் செய்யுள். ஒலி ஒன்றாயினும் சொற்களைப் பிரிக்கும் முறை அடிக்கு அடி வேறாகும், பொருளும் வேறாகும். எங்கே பிரிப்பது என்று கண்டுபிடிக்கும் வரை செய்யுள் வாய்திறவாது. நினைவாற்றல் மட்டும் உடையவன் இங்குத் தடுமாறுவான்; ஆராய்பவனே வழி காண்பான். ஒரே வகைப் பயிற்சியை நூறுமுறை செய்விப்பதற்கும், ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பிள்ளையவர்கள் தல புராணங்களை இயற்றும்போது செய்யுட்களைத் தாம் சொல்ல, மாணாக்கரைக் கொண்டு எழுதுவிப்பார். சாமிநாதையரும் அவ்வாறு ஏடெழுதியவர். முடிந்த செய்யுளைப் படிப்பவன் அதன் வடிவத்தை மட்டும் காண்பான். பிறக்கும்போதே எழுதுபவன், ஒரு சொல் விலக்கப்பட்டு வேறொரு சொல் அவ்விடத்தில் அமர்வதையும் காண்பான். பின்னர்த் திருவாவடுதுறை மடத்தில் பிறர்க்குப் பாடஞ் சொல்லும் பொறுப்பும் சாமிநாதையருக்கு வாய்த்தது. நன்னூலார் கணக்கிட்ட அரைப்பங்கு அங்கு நிரம்பியது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. விரைந்து கற்கும் பிள்ளையை மற்றவர்க்குச் சொல்லித்தரும்படி ஏவிவிட்டு ஓய்ந்துகொள்ளும் வழக்கம் இன்று பல வகுப்புகளில் உள்ளது. சாமிநாதையர் பிறர்க்குப் பாடஞ் சொன்னார். அதனோடு தமக்குரிய மேற்பாடத்தையும் இடைவிடாது கேட்டார். மேற்பாடம் இன்றிக் கீழ்ப்பாடம் மட்டும் சொல்லும் பிள்ளை, ஆசிரியரின் ஊதியமில்லா உதவியாளனாகவே முடியும்.

பெருமை பேசும் இடத்தில் குறையையும் சொல்லுதல் முறை. சாமிநாதையருக்கு இசையிலும் நாட்டம் இருந்தது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் இசை பயின்றார். அது தமிழ்ப் படிப்புக்கு இடையூறாகும் என்பது பிள்ளையவர்களின் கருத்து. ஆதலின் இசைப்பயிற்சி நின்றது. தமிழுக்கு அதனால் விளைந்த பயன் பெரிது என்று கூறலாம். எனினும் ஒரு பிள்ளையிடம் இரு திறன் காணும்போது ஒன்றை வெட்டித்தான் மற்றொன்றை வளர்க்க வேண்டுமோ என்னும் வினா, சிறந்த ஆசிரியர் வாழ்விலும் எழுந்துள்ளது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஒரு முன்சீப்பின் வினா

மகாவித்துவான் 1876 இல் மறைந்தார். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தாம் வகித்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவிக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரியில் ஐயரவர்கள் அப்பதவியை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப்பைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் முதலியவற்றையெல்லாம் ஐயரவர்கள் அடுக்கிச் சொன்னார். அந்நீண்ட பட்டியல் முதலியாரை வியப்பில் ஆழ்த்தவில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்னும் பொருள்படக் கேட்டார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்றும் வினவினார். ஐயரவர்கள் அந்நூல்களைக் கண்டதும் இல்லை.

தமிழ் இலக்கிய வரலாற்றின் போக்கை மாற்றிய வினா அது. அதனைக் கேட்டவர் கல்லூரி ஆசிரியர் அல்லர், நீதித்துறை அலுவலர். அவர்க்கும் சிந்தாமணியின் பொருள் தெரியாது. அதனைப் படித்தறிய வேண்டும் என்னும் ஆர்வத்தாலேயே ஐயரவர்களை நாடினார். கையெழுத்துப் படியையும் அளித்தார். சமண சமய மரபு விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று ஐயரவர்கள் கேட்டுத் தெளிந்தார். 1887 இல் சீவக சிந்தாமணி அச்சாயிற்று. தொடர்ந்து 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் வெளிவந்தன.

மீத்திறன் மாணாக்கர் கல்வியைப் பற்றிய தெளிவு முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. மிகுந்த பாடம் கேட்டவர்தாம் சாமிநாதையர்; ஆயினும் அவரை உ.வே.சா. ஆக்கியது, தாம் கற்றவை அனைத்தும் போதாமற்போன ஒரு நொடி. அறிவுடைய பிள்ளைக்குப் பாடத்தின் அளவைக் கூட்டுவது உதவியாகாது. தான் அறிந்தவை போதாத ஓரிடத்துக்கு அப்பிள்ளையை அழைத்துச் சென்று நிறுத்துவதே உதவி. அவ்விடத்தில் ஆசிரியர்க்கே விடை தெரியாமலிருந்தாலும் இழுக்கில்லை. முதலியார்க்கும் விடை தெரியாது என்பதை நினைவிற் கொள்ளலாம்.

அதே கும்பகோணத்தின் மற்றொரு பாடம்

ஐயரவர்கள் 1903 இல் கும்பகோணம் கல்லூரியை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அதற்கு அடுத்த ஆண்டில் அதே கும்பகோணம் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தவர் சீனிவாச இராமானுசன். அவர் முன்னர்ப் பயின்ற நகர உயர்நிலைப் பள்ளி அவருடைய திறனை நன்கு அறிந்திருந்தது. ஏறத்தாழ 1,200 மாணவரையும் முப்பத்தைந்து ஆசிரியரையும் மோதலின்றிப் பொருத்திப் பள்ளியின் கால அட்டவணையை வகுக்கும் பணியைக் கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அம்மாணவரிடம் ஒப்படைத்தார் என்பது வரலாறு. ஆசிரியர் ஒருவர் கண்டெடுத்த அருமையான அறைகூவல் அது: செயற்கையான கணக்கன்று, பள்ளிக்கு உண்மையாகவே தேவைப்பட்ட கணக்கு. தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் 1904 இல் கணிதப் பரிசு வழங்கி அம்மாணவரைப் பாராட்டினார்.

கல்லூரியிலோ நிலை வேறாயிற்று. கணிதத்திலேயே மூழ்கியிருந்த இராமானுசன் ஏனைய பாடங்களில் தோற்றார், உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அனைவர்க்கும் ஒரே அளவில் தைத்த சட்டை அவர்க்குப் பொருந்தவில்லை. 1914 இல் அவர் கேம்பிரிட்சு சென்றபோது, அவர்க்கு எதனை எவ்வாறு கற்பிப்பது என்னும் இடர்ப்பாடு பேராசிரியர் ஆர்டிக்கும் எழுந்தது. இக்காலக் கணிதத்தின் பல பகுதிகளை இராமானுசன் அறிந்திருக்கவில்லை. அவற்றையெல்லாம் முறைப்படி கற்றே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினால் அவருடைய தன்னம்பிக்கை குலையும். ஒன்றையும் கற்பிக்காமல் விட்டாலும் தவறு. ஆர்டி இன்றியமையாதவற்றை மட்டும் கற்பித்தார். தாம் கற்பித்ததைவிட அம்மாணவரிடம் தாம் கற்றது மிகுதி என்றும் பின்னர் எழுதினார்.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவானைக்காவலில் 1888 இல் பிறந்த சர் சி.வி. இராமனுக்கு வேறு வகையான வாய்ப்புக் கிடைத்தது. மாநிலக் கல்லூரியில் அறிவியல் வகுப்புகளுக்கு அவர் வந்தே தீரவேண்டும் என்று ஆசிரியர்கள் கட்டாயப்படுத்தவில்லை. ஆய்வகம் அவர்க்குத் திறந்திருந்தது. அங்கே கண்ட ஒளிப்பட்டைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1906 இல், பதினெட்டாம் வயதில், இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. ஆசிரியர் விலகி நிற்பதும் சிலபொழுது கற்பித்தலே.

வகுப்பறையில் செய்யத்தக்கன

இவை பேரறிஞர் வரலாறுகள். ஐம்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஓர் ஆசிரியர் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அன்று ஒருவர்க்கு ஒருவராகப் பாடஞ் சொன்ன முறையை இன்று அப்படியே கொண்டுவர இயலாது. அதன் கருத்தை மட்டும் கொண்டுவர இயலும்.

தமிழ் வகுப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். தகுதி வழக்குகளுள் ஒன்று குழூஉக்குறி. ஒரு தொழில் செய்யும் குழுவினர் பிறர் அறியாதவாறு தமக்குள் வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும் வழங்குவதாக இலக்கண நூல்கள் சான்று தரும். வகுப்பில் அனைவரும் இவ்விளக்கத்தையும் சான்றையும் கற்றாக வேண்டும். விரைந்து கற்றுவிட்ட பிள்ளைக்கு மேலும் பத்துச் சான்றுகளை மனப்பாடம் செய்யச் சொல்வது சுமையைக் கூட்டுவது ஆகும்.

அதற்கு மாறாக, அப்பிள்ளை பெற்றோரோடு மாட்டுச் சந்தைக்குச் செல்லட்டும். மயிலை, செவலை, காரி என்னும் நிறப்பெயர்களையும், பல்லின் எண்ணிக்கையால் வயதைச் சொல்லும் முறையையும் குறித்து வரட்டும். இவை அனைவர்க்கும் தெரிந்த தொழிற்சொற்களா, பிறர்க்கு மறைக்கும் குழூஉக்குறிகளா என்று பகுக்கட்டும். பின்னர்த் தரகர்கள் துண்டால் கையை மறைத்து விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கட்டும். பிறர் அறியாதவாறு ஒரு குழுவினர் கருத்தைப் பரிமாறுகின்றனர். ஆயின் அங்கே சொல் இல்லை. சொல்லில்லாத குறியைக் குழூஉக்குறி எனலாமா? இலக்கண வரையறை இதனை ஏற்குமா, விலக்குமா? இவ்வினாவுக்கு விடை பாடநூலின் பின்பக்கத்தில் இல்லை. ஆசிரியரும் எண்ணித்தான் சொல்ல வேண்டும். சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட வினாவின் இனத்தைச் சேர்ந்தது இது.

இவ்வாறே ஒரு குறட்பாவுக்குப் பரிமேலழகர் உரையையும் மணக்குடவர் உரையையும் அருகருகே வைத்து, எவ்வுரை மூலத்துக்கு நெருங்கியது என்று காரணத்தோடு எழுதச் சொல்லலாம். ஒரு வெண்பாவில் ஒரு சீரை நீக்கிவிட்டு, தளையும் எதுகையும் பொருளும் கெடாமல் அவ்விடத்தில் அமரக்கூடிய சொற்களைத் தேடச் சொல்லலாம். மூலத்தில் இருந்த சொல்லே ஏன் சிறந்தது என்று கண்டுபிடிப்பது அதன் அடுத்த படி.

ஆசிரியர்க்கு இதனால் பெருஞ்சுமை ஏறாது. பாடம் ஒன்றுக்கு இத்தகைய வினா ஒன்று போதும். கரும்பலகையின் ஒரு மூலையில் அதனை எழுதி வைக்கலாம். மதிப்பெண் வேண்டா, கட்டாயமும் வேண்டா. வாரத்தில் ஒரு நாள் பத்து மணித்துளிகள் ஒதுக்கி, எண்ணிப் பார்த்தவரைப் பேசவிடலாம்.

இம்முறையில் முதன்மையானதொரு நன்மை உண்டு. மீத்திறன் மாணாக்கர் இன்னார் என்று முன்னரே பொறுக்கி எடுத்து, அவர்க்கு மட்டும் வினாவைக் கொடுக்கும் வழக்கம் ஆபத்தானது. அமெரிக்காவில் உளவியலார் லூயி டெர்மன் 1921 இல் நுண்ணறிவுத் தேர்வு வைத்து மீத்திறன் சிறாரைத் தேர்ந்தெடுத்து ஆராயத் தொடங்கினார். அவர் தேர்வில் எல்லைக்கோட்டைத் தாண்டாமல் விடுபட்ட சிறுவர்களுள் வில்லியம் சாக்லி, லூயி ஆல்வாரசு ஆகிய இருவர், பின்னாளில் முறையே 1956 இலும் 1968 இலும் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றனர். தேர்வுத் தாளின் சல்லடையில் அன்னமும் நழுவிவிடும். வினாவை அனைவர்க்கும் பொதுவாக வைத்துவிட்டு, எழுந்து வருபவர் யார் என்று காத்திருந்து பார்ப்பதே சிறந்தது. இலக்கணத்தில் நாற்பது மதிப்பெண் வாங்கும் மாட்டுத் தரகர் மகன், குழூஉக்குறி வினாவுக்கு முதலில் எழுந்து நிற்கக்கூடும்.

சமன்மை பற்றிய ஐயம்

எல்லாப் பிள்ளைகளும் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும்போது, வல்ல பிள்ளைகளுக்குத் தனிக்கவனம் எதற்கு என்று சிலர் கேட்பர். ஏற்றத்தாழ்வை அது வளர்க்காதா என்றும் ஐயுறுவர். தமிழ்நாட்டுக் கல்வி வரலாறே இதற்கு விடையாகும். 1956 இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் 1982 இன் சத்துணவுத் திட்டமும் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தன. 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளைக் கொண்டு தன் வேகத்திலேயே ஏணிப்படியில் ஏறலாம் என்றது. 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை அறிந்து கற்பிக்கச் சொன்னது. ஒரே வகுப்பில் பல நிலைகள் உண்டு என்னும் உண்மையை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏணியின் உச்சிப்படியில் முன்னதாகவே ஏறி நிற்கும் பிள்ளைக்கு அடுத்த படி எது என்பதே எஞ்சியிருக்கும் வினா.

பொருளுடைய வீட்டுப் பிள்ளைக்கு அவ்வடுத்த படியைப் பெற்றோர் விலைக்கு வாங்கித் தருவர்: நூல்கள், தனிப்பயிற்சி, வெளியூர்ப் பள்ளி. கல்லுடைப்பவர் வீட்டிலும் கூலி உழவர் வீட்டிலும் முறுக்குச் சுற்றிப் பிழைக்கும் வீட்டிலும் பிறந்த பிள்ளைக்கு அப்படியைத் தரவல்லது வகுப்பறை ஒன்றே. வகுப்பறை கைவிட்டால், இழப்பவர் ஏழை வீட்டு மீத்திறன் மாணாக்கரே. ஆதலின் இவர்க்குத் தக்க பாடம் தருவது சமன்மைக்கு மாறானதாகாது. சமன்மையின் ஒரு பகுதியே ஆகும்.

2022 முதல் தமிழ்நாட்டு அரசு பதினோராம் வகுப்பு மாணவர்க்குத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வை நடத்தி, 1,500 பேரைத் தேர்ந்து, மாதம் 1,500 ரூபாய் வீதம் ஈராண்டுகளுக்கு ஊக்கத்தொகை அளிக்கிறது. பாதி இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்க்கு உரியவை. பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆயின் தேர்வு திறனைக் கண்டுபிடிக்கும். வளர்ப்பது வகுப்பறையும் இத்தகைய இலக்கிய வட்டங்களும்தாம்.

நிறைவுரை

இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்க பணி ஒன்றைக் கூறி இவ்வுரை நிறைவுறுகிறது. அருகிலுள்ள பள்ளிகளிலிருந்து விரும்பி வரும் மாணாக்கர் சிலர்க்கு மாதக் கூட்டத்தில் கால்மணி நேரம் ஒதுக்கலாம். பாராட்டுப் பெறுவதற்காகவோ பரிசு பெறுவதற்காகவோ அவர்கள் மேடையேற வேண்டா. தாம் எண்ணிக் கண்ட ஒன்றை அறிஞர் நடுவே எடுத்துரைக்கட்டும். அறிஞர்கள் குறுக்கே கேட்கட்டும். விடை தெரியாமல் அப்பிள்ளை ஒரு கணம் நிற்கட்டும். அடுத்த மாதம் விடையோடு வரட்டும். செங்கணம் ரெட்டியார் போல் வழிகாட்டுவோரும், மகாவித்துவான் போல் பசியறிந்து பாடஞ் சொல்வோரும், முன்சீப் முதலியார் போல் உறங்கவிடாத வினாவைக் கேட்போரும் ஓர் ஊரில் இருந்தால் போதும். தமிழுக்கு வேண்டியவர்களை அவ்வூரே ஆக்கிக்கொள்ளும். மணப்பாறைக்கு அது இயலாத செயலன்று.